பலூன் மாமாவின் மூக்கு

ஜெராக்ஸ் மிஷின் மேல் மறந்து வைத்துவிட்டு வந்த படத்தை எடுக்க பில்லக்கா ஓடியபோது, அதைச் சுற்றி நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மெத்தைக் கம்பெனியில் அவளுக்கு பில் போடும் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் பில்லக்கா. கார்ட்டூன் வரைய வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. "மொதல்ல நல்ல படமாப் பாத்து காப்பி அடி. கை பழகட்டும். சொந்த மூளையை அப்புறம் கசக்கலாம்" என்று அவள் கணவன் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு கட்டைத் தூக்கி வந்து போட்டான். அத்தனையும் ஒரு பத்திரிகையில் வாராவாரம் வந்த 'பலூன் மாமா' படக்கதை. ஊதிய தொப்பை, தலையில் மூன்றே முடி, பாதி முகத்தை அடைத்துக்கொண்ட கத்தரிக்காய் மூக்கு. எந்தக் கதவைத் திறந்தாலும் கைப்பிடி கையோடு வந்துவிடும் மாமா.

தொப்பை சீக்கிரமே கைவந்தது. மூக்குதான் மாதக்கணக்கில் தண்ணி காட்டியது. அன்று மதிய இடைவேளையில் திடீரென்று அதுவும் படிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் பெரிதாக்கி ஒரு காப்பி எடுத்தாள்.

"பிரமாதம்மா" என்றார் ஸ்டோர்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மேனேஜரை அப்படியே உரிச்சு வெச்சிருக்கே."

பில்லக்கா படத்தைப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் போன் பேசிக்கொண்டிருந்த மேனேஜரைப் பார்த்தாள். முடிகூட மூன்றுதான். அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில்தான் கையெழுத்துக்குக் கிடந்தது.

"அண்ணே, இது பலூன் மாமா. பேப்பர்ல வந்தது. நான் காப்பிதான் அடிச்சேன்."

"நாங்களும் அதைத்தான்மா சொல்றோம். நல்ல காப்பி."

படத்தைப் பிடுங்கிக்கொண்டு இடத்துக்கு வந்தவள், வேறொரு தாளில் மாமாவுக்குத் தலை நிறைய முடி வைத்து மறுபடி வரைந்தாள். ஸ்டோர்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது அவர் வேலைக்குச் சேந்த புதுசுல. அடையாள அட்டையில இதே மூஞ்சிதான்."

இன்னொரு தாளில் மீசை வைத்தாள்.

"லீவு முடிஞ்சு வரப்போ இப்படித்தான் இருப்பார்."

வந்தது வரட்டும் என்று அடுத்த தாளில் கம்மல் மாட்டி, கொண்டை போட்டு, பொம்பளையாகவே ஆக்கினாள்.

"ஆ, இது அவரோட அக்கா. போன மாசம் தலகாணி மாத்த வந்தாங்களே."

அவள் பில் கொடுக்க எழுந்து போன நேரத்தில் அந்தப் படங்களும் ஜெராக்ஸ் ஆகிவிட்டன. பதறிப்போய், "என் படத்தைப் பாத்தீங்களா?" என்று பிரிவு பிரிவாகத் தேடிப் போனாள். விஷயமே தெரியாமல் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தவர்களும், "எந்தப் படம்?" என்று கிளம்பி வந்துவிட்டார்கள்.

சாயந்திரம் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் நாலு படங்களும் வரிசையாகக் கிடந்தன.

"இது யாரு?" என்றார்.

பில்லக்கா கையோடு கொண்டுபோன பழைய பேப்பர் கட்டை அவர் முன்னால் பிரித்து வைத்தாள். "பாத்துப் பாத்துப் பழகறேன் சார். ஒரு கோடுகூட என் சொந்தம் இல்லை."

மேனேஜர் பேப்பரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நம்ம பலூன் மாமா. இதை முதல்லயே சொல்லக் கூடாதா? வாராவாரம் இதைப் படிச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும். என் மாமனார் வீட்டுக்குப் போனா, பேப்பரை நீட்டி 'சத்தமாப் படிங்க மாப்ளே'ம்பார். படிக்கப் படிக்க என்னைவிட அவர்தான் விழுந்து விழுந்து சிரிப்பார்."

பில்லக்காவுக்குப் போன உயிர் திரும்பியது.

"இதைப் போய் நான்னு சொல்றாங்களே, கண்ணுல கோளாறு. இந்த மூக்கைப் பாரும்மா, மனுஷ மூக்கா இது?" என்று தன் மூக்கைச் சொறிந்துகொண்டே காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "நிறைய வரை. நல்லா வரும்."

அவள் நன்றி சொல்லித் திரும்பவும், வீட்டுச் சாவி வாங்க வந்த மேனேஜரின் மனைவி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. மேஜையில் விரித்துக் கிடந்த பலூன் மாமாக்களையும், பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த கணவரையும் மாறி மாறிப் பார்த்த அந்த அம்மாள், பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒருவழியாத் தெரிஞ்சுபோச்சா? நல்லவேளை, நீங்க சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கிட்டீங்க. நம்ம கல்யாணம் முடிஞ்ச வாரமே எங்கப்பா வேற பேர்ல உங்களை வரைய ஆரம்பிச்சுட்டார், இத்தனை வருஷமா அதை மறைக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."