மேசைக்கு இருபுறமும் மொட்டை

கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்குக் கண்ணீர் வரும். எனக்கு இங்கிலீஷ் வரும். சாதாரண நாளில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எதிரே நின்றால் 'யெஸ் சார்' என்பதற்கே நாக்கு புரளும். கோபம் ஏறிவிட்டாலோ பாரிஸ்டர்கள் என் பக்கத்தில் நிற்க முடியாது. இதை ஒரு வரம் என்று இருபத்திரண்டு வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வரத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் காலேஜ் படிப்பைப் பத்தே நிமிஷத்தில் கெடுத்தேன். ஆறு வருஷமாகியும் கோபம் தணியவில்லை. யார் மேல் என்பதுதான் அவ்வப்போது மாறுகிறது.

அப்போது நான் சித்தூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். என் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மிஷன் காம்பவுண்டில் தோட்டக்காரர். எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. (அந்தக் கையைக் கொஞ்சம் அதிகமாகவே வீசிக்கொண்டு நடப்பதாகத் தெருவில் பேச்சு இருந்தது. உண்மைதான்.)

வருஷா வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்ததும் என் வயிறு எரியும். வக்கீல் வீட்டுப் பெண்களுக்கு மெட்ராஸிலிருந்து அண்ணன்மார் காலேஜ் விண்ணப்பப் பாரம் வாங்கி அனுப்புவார்கள். மற்றப் பெண்கள் சர்ட்டிபிகேட்டைப் புடவைக்கடியில் வைத்துப் பெட்டியை மூடிவிடுவார்கள். காலேஜ் என்று ஒன்று உண்டு, அதற்கொரு பாரம் உண்டு, பாரத்துக்கொரு கடைசித் தேதி உண்டு என்று அவர்களுக்குச் சொல்ல நாதி கிடையாது. அந்த நாதி நான்தான் என்று, யாரையும் கேட்காமல், தீர்மானித்துக்கொண்டேன்.

முதலில் அகப்பட்டவள் கோவிந்தம்மாள். நகரியில் தறி நெய்கிற குடும்பம். சித்தூரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்து வகுப்பில் முதலாவதாக வந்தாள். ஊரில் தாய்மாமன் காத்திருந்தார். ஆனிக்குள் காலேஜில் இடம் கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது.

அந்த வருஷம் மெட்ராஸில் ஒரு பெண்கள் காலேஜில், எங்கள் ஜில்லாப் பெண் ஒருத்திக்கு மட்டும் படிப்புச் சம்பளமும் சாப்பாடும் இலவசமாக ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பாரத்தை வரவழைத்தேன். என்ன பாடம் படிக்க ஆசை என்று கேட்டேன். "சரித்திரம், டீச்சர்" என்றாள். நான் விஞ்ஞானம் என்று எழுதினேன். (விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டவள் நான். என் படிப்பு டீச்சர் ட்ரெயினிங்கோடு நின்றுவிட்டது. அந்த ஆசையை அவள் பெயரில் அனுப்பிவைத்தேன்.) 'படிக்க விரும்பும் காரணம்' என்று கேட்டு நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் தனியாக ஆறு தாள் எழுதி இணைத்தேன். கோவிந்தம்மாள் முழுவதையும் பொறுமையாகப் படித்தாள்.

"இதுல நான் எங்க டீச்சர் கீறேன்?"

"கடைசியில. கையெழுத்துப் போடற இடத்துல."

இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. கமிட்டித் தலைவர் தம் வேண்டுதலுக்காகத் திருப்பதி போவதால் இன்டர்வியூவும் திருப்பதியிலேயே என்று எழுதியிருந்தார்கள். ஆறு தாளின் வெற்றி என்று காம்பவுண்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். எப்படி உட்காருவது, எப்படிப் பதில் சொல்வது என்று அவளுக்கு மூன்று வாரம் பாடம் நடத்தினேன். முக்கியமாகத் தலை. எண்ணெய் வழியக் கூடாது, இறுக்கிப் பின்ன வேண்டும், கறுப்பு ரிப்பன் கட்ட வேண்டும். ரிப்பனை நானே வாங்கினேன். பிறகு அவள் அப்பாவோடு ஊருக்குப் போனாள். புதன்கிழமை காலையில் திருப்பதி ஸ்டேஷனில் சந்திப்பதாக ஏற்பாடு.

புதன்கிழமை கைப்பையில் ரிப்பனோடு ரயிலைவிட்டு இறங்கினேன். வேப்பமரத்தடியில் அவள் அப்பா முனிரத்தினம் நின்றிருந்தார். பக்கத்தில் தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு ஒரு மொட்டைத் தலை. அது "நமஸ்காரம் டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் எனக்கு ஆள் தெரிந்தது.

"இன்னாடி இது?"

"பெருமாளுக்கு டீச்சர். இன்டர்வியூக்குக் கூப்ட்டா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். கூப்ட்டாங்க. நேத்து அலிபிரி வழியா மலையேறிக் குடுத்துட்டு வந்துட்டோம்."

"கூப்ட்டது என்னோட ஆறு தாளுக்கு."

"சரி டீச்சர்" என்றாள், அடம்பிடிக்கும் குழந்தையைத் தேற்றுகிற குரலில்.

நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மலைக்கு முடி கொடுப்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் அனுபவமில்லை. பெஞ்சியில் பொத்தென்று உட்கார்ந்தேன். முனிரத்தினத்தின் குடுமி மட்டும் பத்திரமாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ, "காலைல எதனா துன்னீங்களா டீச்சரம்மா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். (நன்மை ஒன்றே ஒன்று. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அவளுடைய அங்க அடையாளம் 'வலது காதுக்கு மேல் ஒரு தழும்பு' என்று இருந்தது. முதல் தடவையாக அது கண்ணுக்குத் தெரிந்தது.)

இன்டர்வியூ ஒரு பங்களா ஹாலில் நடந்தது. ஓய்வுபெற்ற டெப்டி கலெக்டர் ஒருவர்தான் கமிட்டித் தலைவர். அவர் பக்கத்தில் காலேஜ் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த வார்டனம்மா. தலைவர் தலையில் பெரிய ஜரிகைத் தலைப்பாகை. சந்தனத்தைக் கழுவிவிட்டுக் கோவிந்தம்மாளை உள்ளே அழைத்துப் போனேன். முனிரத்தினம் வாசற்படியோரம் நின்றுகொண்டார். அவளைப் பார்த்ததும் தலைவர் பேச்சை நிறுத்தினார். வார்டனம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பாடம் நடத்திய கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. தலைவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"பாபம், சின்ன வயசு. பாரத்துல குமாரின்னு போட்டிருக்கீங்க. பரவாலேதும்மா, இதுல மறைக்க என்ன இருக்கு? இந்த மாதிரிப் பொண்ணுக்குத்தான் படிப்பு அவசியம்."

வயசுப் பெண் தலை மொட்டையாக இருந்தால் அவர்களைப் போன்றவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். விதவை. எனக்கு அது உறைப்பதற்குள் வார்டனம்மா பேனாவை எடுத்துவிட்டார். 'செலக்டட்' என்று எழுதியதைத் தலைகீழாகவே படித்தேன். அதே சமயம் மேசைக்கடியில் கோவிந்தம்மாள் என் காலை மிதித்தாள். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவளுக்குக் கல்யாணமே ஆகலீங்க சார். மலைக்கு முடி குடுத்திருக்கா" என்றேன். சொல்லும்போது தலையை நிமிர்த்திக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

தலைவர் முகத்திலிருந்த இரக்கம், விளக்கை ஊதினாற்போல அணைந்தது.

"விதவை இல்லையா? அப்ப என்னம்மா இது? சபைக்கு வர பொண்ணுக்கு ஒரு லட்சணம் வேணாமா?" என்றார். இதைச் சொன்ன வேகத்தில் அவருக்கு வியர்த்துவிட்டது. தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் துண்டால் தலையைத் துடைத்தார். அன்று காலையில் மழித்த பளபள மொட்டை. துண்டில் சந்தனம் ஒட்டிக்கொண்டு வந்தது.

எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது.

பேசியது முழுவதும் நினைவில்லை. நினைவிருப்பதைத் தமிழில் சொல்கிறேன். "ஐயா, இந்த மேசைக்கு இரண்டு பக்கமும் மொட்டைத் தலை இருக்கிறது. உங்களுடையது பக்தி என்றால் அவளுடையதும் பக்தி. அவளுடையது லட்சணக்கேடு என்றால் உங்களுடையதும் லட்சணக்கேடு. எந்தத் தலைக்குள் படிப்புக்கு இடமிருக்கிறது என்று பார்க்கத்தானே இந்தக் கமிட்டி?" எந்தத் தலை என்பதில் சந்தேகம் வரக் கூடாதென்று விரலையும் நீட்டினேன். முனிரத்தினத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. விரல் புரிந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வார்டனம்மா கீழே விழாத பேனாவைத் தேடி மேசைக்கடியில் குனிந்தார். வெகுநேரம் தேடினார்.

தலைவர் தலைப்பாகையை எடுத்து நிதானமாகக் கட்டிக்கொண்டு, "அடுத்த பெண்" என்றார். மேசைக்கடியிலிருந்து நிமிர்ந்த வார்டனம்மா, எழுதியதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

ஸ்டேஷன் வரைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என்ன போடு போட்டேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். முனிரத்தினம் டிக்கட் வாங்கப் போனதும் கோவிந்தம்மாள் மெல்லக் கேட்டாள்.

"ரெண்டு வருஷம் விதவையா இருந்தா இன்னா டீச்சர்? முடி வளந்துடும். போன எடம் வருமா? அதுக்குத்தான கால மிதிச்சேன்."

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. எழுதிய எழுத்தை அடிக்க வைத்தவள் நான். கை நடுங்கியது. (பிறரைப் போலவே எனக்கும் நடுங்கும் என்று அன்றுதான் தெரிந்தது.) என்னால் உனக்கு ஆவணியில் கல்யாணம் ஆகப்போகிறதே என்று அழுதேன்.

"ஆவணில கல்யாணம் இல்ல" என்றாள்.

"ஏன்?"

"மொட்டத் தலையோட மணைல குந்த வெப்பாங்களா? முடி இடுப்பு வரைக்கும் வளரட்டும்னு, வேண்டுதலச் சொன்னப்பவே மாமன் வீட்ல சொல்லிட்டாங்க. அதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆவும். எடம் கெடச்சா இந்த மொட்ட பெருமாளுக்கு. கெடைக்கலன்னா எனக்கு. அப்டிதான் வேண்டிக்கினேன்." டிக்கட் வாங்கிக்கொண்டிருந்த அப்பா பக்கம் பார்த்துவிட்டு, "நைனாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

ஆறு தாள், மூன்று வாரம், ஒரு கறுப்பு ரிப்பன். இவ்வளவிலும் 'கிடைக்காவிட்டால்' என்ற யோசனைக்கு நான் இடமே விடவில்லை. பதினாறு வயதுப் பெண் அதைத் தன் தலையிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

மறுவருஷம் அவளே வேறொரு காலேஜுக்குப் பாரம் வரவழைத்தாள். பாடம் சரித்திரம். காரணம் நாலே வரி. டீச்சர் கையெழுத்துக்கான இடத்தில் விரலை வைத்து, "இங்க மட்டும் டீச்சர்" என்றாள். போட்டேன். இன்டர்வியூவுக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேட்டு முடிப்பதற்குள் "வேணாம்" வந்துவிட்டது. இலவச இடமும் கிடைத்தது. மாமன் காத்திருந்து பார்த்துவிட்டு, முடியுள்ள பெண்ணாக வேறிடத்தில் கட்டிக்கொண்டார். இப்போது அவள் பி.ஏ. முடித்து, டீச்சர் வேலைக்கான எல்.டி. படிக்கிறாள்.

நான் இன்னமும் பெண்களுக்குப் பாரம் வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதுவதை அவர்களே எழுதுகிறார்கள். யாருக்காவது துணையாக இன்டர்வியூவுக்குக் கிளம்பினால், தோட்டத்தில் நிற்கும் நைனா நிமிர்ந்து பார்ப்பார். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம் தலையை முன்னிருந்து பின்னாக ஒருதரம் தடவிக்கொள்வார். அவ்வளவுதான்.

போன கிறிஸ்துமஸுக்குக் கோவிந்தம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இடுப்பைத் தாண்டிய பின்னல். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் தலைவரின் பேச்சு எப்படியோ வந்துவிட்டது. நான் அன்று சொன்னதில் இன்றுவரை எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை, எதிரே இருந்தால் மறுபடியும் சொல்வேன் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே இங்கிலீஷ் வந்துவிட்டது.

ஒருபக்கம் நைனா தலையைத் தடவினார். மறுபக்கம், சோற்றுக் கை இலையிலிருக்க, இடது கையால் அவளும் தடவினாள்.

நான் ரசம் ஊற்றப் போய்விட்டேன்.