ஒரே வாசல்

ஷட்டர் முழங்கால் உயரம் வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றது. சோணைமுத்து மூச்சைப் பிடித்து இன்னொரு தம் கட்டினார். கை வழுக்கியது. பத்தடி அகல இரும்பு தடாரென்று தரையில் விழுந்தது. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஸ்பிரிங்கு போச்சு" என்றார்.

வாசலில் உட்கார்ந்து ஒரு கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் பெண்சாதி மாரித்தாய் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

லோடு ஆட்டோ நிறுத்துவதற்காக அவர் கட்டிய ரூம் அது. ரூம் வந்தது, ஆட்டோ வரவில்லை. ஜன்னல் கிடையாது. வீட்டுக்குள்ளிருந்தும் வழி கிடையாது. ஷட்டர் ஒன்றுதான் வாசல். உள்ளே ஒரு பீரோ, ஒரு ஃபேன், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. பீரோவுக்குள் மாரித்தாயின் கம்பெனிக் கார்டும் ஆதார் கார்டும் இருந்தன. பதினொரு மணிக்கு விசாரணை ஆபீசர் வருகிறார். அவருக்கு அந்த இரண்டு கார்டும் வேண்டும்.

மாசி மாதம், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மாரித்தாய் வேலை பார்த்த பட்டாசு யூனிட்டில் ஒரு ரூம் வெடித்தது. முன்வாசல் பக்கம் இருந்த மாரித்தாய் இடது கையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கூட வேலை பார்த்த இசைவாணி பக்கவாசலுக்கு ஓடினாள், வரவில்லை. அந்த வாசலுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி லோடு அடுக்கியிருந்தது. கதவு திறக்கவில்லை.

இப்போது ஒரு காகிதம் தயாராகியிருந்தது. 'ரூமில் நாலு பேர்தான் இருந்தோம். ரெண்டு வாசலும் திறந்துதான் இருந்தன.' மாரித்தாய் அதில் கையெழுத்துப் போட்டால், தீபாவளி சீசனுக்கு முன் யூனிட் திறந்துவிடும். சோணைமுத்துக்கு கேட்டில் வாட்ச்மேன் வேலை. இருபத்தாறு வருசம் பட்டாசு மருந்து கலக்கிய நெஞ்சு அவருடையது. நாலு படி ஏறினால் இரைக்கும். உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தால் இன்னும் கொஞ்ச வருசம் ஓட்டலாம். நேற்று முழுக்க போர்மேன் தங்கப்பாண்டியன் அவரைக் கம்பெனி ஆபீசில் உட்காரவைத்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தாநாளே மாரித்தாய் காதுபடப் பேசினார்கள், அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

சோணைமுத்து மெக்கானிக் முத்துப்பாண்டிக்குப் போன் போட்டார்.

"ஏலே முத்துப்பாண்டி, நம்ம வீட்டு ஷட்டரு தூக்க வரமாட்டேங்குடா. உடனே வா."

"சொன்னபடி ரெண்டு மணிக்கு வந்துருதேண்ணே. இப்பச் சாத்தூர்ல ஏணி மேல நிக்கேன்."

"நான் எப்படா ரெண்டு மணின்னு சொன்னேன்?"

போன் கட்டாகிவிட்டது.

சரி, எண்ணெய் விட்டுப் பார்ப்போம் என்று இரண்டு பக்கச் சட்டத்திலும் நல்லெண்ணெயை ஊற்றினார். அது வழிந்து கைப்பிடிக்கும் வந்தது. இப்போது பிடிக்கவே முடியவில்லை. முன்பு முழங்கால் வரை வந்த ஷட்டர் கணுக்கால் வரைதான் வந்தது.

எதிர்வீட்டுப் பெத்தணன் கடப்பாரையோடு வந்தார். "தள்ளும். அடியில குடுத்து நெம்புனா வந்துரும்."

சோணைமுத்து பாய்ந்து தடுத்தார். "இரும்பு மேல இரும்பு படக்கூடாது. பொறி பறக்கும்."

"பறந்தா என்ன? உள்ள மருந்தா வச்சிருக்கீரு? பீரோதான இருக்கு?"

"ஆகாதுன்னா ஆகாது. பழக்கம்."

மரச்சுத்தியலை எடுத்துவந்து சட்டத்தில் நாலு தட்டுத் தட்டினார். எண்ணெய் வழுக்கி அஞ்சாவது தட்டு ஷட்டர் தகட்டில் விழுந்தது. தகடு உள்ளே குழிந்தது. இப்போது கணுக்கால் வரைக்கும்கூட வரவில்லை.

"இன்னும் ரெண்டு தட்டுத் தட்டும்" என்றார் பெத்தணன். "சுவராவே ஆயிரும்."

அந்த நேரத்தில் தங்கப்பாண்டியன் பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல்.

"என்ன சோணை, இன்னும் கார்டை எடுக்கலையா? ஆபீசரு கெளம்பிட்டாராம்லே."

"ஸ்பிரிங்கு போயிருச்சு அண்ணாச்சி."

"நல்ல நாள் பாத்துப் போச்சு போ. நாலு ஆளைக் கூப்புட்டுத் தூக்கு."

பெத்தணன் தன் மச்சினன்மார் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். சோணைமுத்தோடு நாலு பேர். மணல் அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டு தூக்கினார்கள். முக்கி முனகி இடுப்புக்கு மேல் வந்தது. ஆனால் நாலு பேர் கையும் ஷட்டரில் இருந்தது. முட்டுக் கொடுக்க ஆள் இல்லை.

டீக்கடை பாலகுரு ஓடிவந்தான். இசைவாணியின் அண்ணன். "நான் முட்டுக் குடுக்கேன் மாமா."

"வராத! நாலு பேருக்கு மேல ஆகாது!" என்று கத்தினார் சோணைமுத்து.

"என்ன மாமா, வீட்டு ரூமுக்குமா யூனிட்டுச் சட்டம்?"

"எந்த ரூமா இருந்தா என்ன? நாலுன்னா நாலுதான்."

தங்கப்பாண்டியனைப் பார்த்ததும் பெத்தணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யூனிட்டுச் செவுத்துல நாலுன்னு எழுதிப் போட்டுட்டு ஒம்போது பேரை உக்கார வச்சீகளே, அன்னைக்கு எங்கய்யா போச்சு இந்தச் சட்டம்?"

சிரித்ததில் அவர் கை தளர்ந்தது. ஷட்டர் கீழே வந்தது. நாலு பேரும் குதித்து விலகினார்கள். தங்கப்பாண்டியன் மட்டும் சிரிக்காமல் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு மணி ஆபீசர் ஒன்றேகாலுக்கு ஜீப்பில் வந்தார். பெயர் சங்கரலிங்கம். பருத்த உடம்பு. சித்திரை வெயிலில் கைக்குட்டை நனைந்திருந்தது. டிரைவர் அவரை இறக்கிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிவிட்டார்.

"கார்டு எங்க?"

"இந்தா ஆச்சு சார், ஒரு நிமிசம்" என்றார் தங்கப்பாண்டியன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "தூக்குங்கலே!" என்றார்.

மறுபடியும் நாலு பேர். இந்தத் தடவை யாரும் பேசவில்லை, சிரிக்கவில்லை. ஷட்டர் இடுப்பைத் தாண்டி நெஞ்சு வரை வந்தது. அப்போது மாரித்தாய் வெங்காயத் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். கொல்லையிலிருந்து ஒரு முருங்கைக் கட்டையை இழுத்துவந்து, ஒரு கையாலேயே ஷட்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள்.

அஞ்சாவது ஆள். ஆனால் சோணைமுத்து தடுக்கவில்லை. பெண்சாதியை ஆளாக எண்ணிப் பழக்கமில்லை அவருக்கு.

"தெருவுல வச்சு எழுத வேணாம் சார்" என்றார் தங்கப்பாண்டியன் மெதுவாக. "நாலு பேர் பாப்பாக."

"உள்ள ஃபேன் இருக்கு" என்றாள் மாரித்தாய். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு. "உக்காரச் சொல்லுங்க. மோர் கொண்டாரேன்."

ஆபீசர் குனிந்து உள்ளே போனார். தங்கப்பாண்டியன் போனார். சோணைமுத்து போய் பீரோவைத் திறந்தார். கார்டு இரண்டும் கைக்கு வந்தன. ஆபீசர் நாற்காலியில் சாய்ந்து, தங்கப்பாண்டியன் ஃபைலிலிருந்து நீட்டிய காகிதத்தை விரித்தார். வாட்ச்மேன் நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கணம் சோணைமுத்துக்குத் தோன்றியது.

முருங்கைக் கட்டை படக்கென்று முறிந்தது.

ஷட்டர் விழுந்த சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது. விழுந்த வேகத்தில் குழிந்த தகடு சட்டத்தில் இறுகிக்கொண்டது.

உள்ளே இருட்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சூட்டை ஃபேன் கீழே இறக்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது? வேற வழி இருக்கா?" ஆபீசர் குரல்.

"இல்ல சார்."

"ஜன்னல்?"

"இல்ல சார்."

ஆபீசர் டிரைவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஷட்டரைக் கையால் படபடவென்று அடித்தார். "ஒரே வாசல் வச்சு எவன்யா ரூம் கட்டுவான்? உள்ள ஒரு ஆபத்துன்னா மனுசன் எப்படி வெளிய வருவான்? அறிவு வேணாம்? ஒரு உயிருன்னா விளையாட்டா?"

தங்கப்பாண்டியன் இருமினார்.

வெளியே பாலகுரு ஆள் சேர்க்கும் சத்தம் கேட்டது. சோணைமுத்து உள்ளேயிருந்து, "நாலு பேருக்கு மேல சேராதீகடா!" என்று கத்தினார். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

ஷட்டருக்கு அந்தப் பக்கம் யாரோ குந்துகிற சத்தம்.

"சார்."

"யாரும்மா?"

"மாரித்தாயி சார். உங்க கையில காகிதம் இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப? மொதல்ல திறக்கச் சொல்லும்மா!"

"அதுல ரூமுக்கு ரெண்டு வாசலும் திறந்து இருந்துச்சுன்னு எழுதியிருக்கீகளே சார்."

உள்ளே காகிதம் சரசரத்தது.

"அந்த ரெண்டாவது வாசல் வழியா வாங்க சார்."

வெளியே, ஷட்டரைத் தூக்கக் குனிந்த பாலகுரு மெதுவாக நிமிர்ந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையைத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பெத்தணன் கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டார். "நமக்கெதுக்கு? இரும்பு மேல இரும்பு படக்கூடாதாம்" என்றார்.

முத்துப்பாண்டி வர இரண்டே கால் ஆனது. அவனே பெத்தணன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி நெம்பினான். தகடு நிமிர்ந்தது. ஆட்கள் தூக்கினார்கள். ஆபீசர் தவழ்ந்து வெளியே வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. காகிதம் கைக்குள் வியர்வையில் ஊறிக் குழைந்துபோயிருந்தது. அதை மடித்துப் பையில் வைத்தார். மாரித்தாய் நீட்டிய மோரை வாங்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. ஜீப் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

தங்கப்பாண்டியன் பைக்கை உதைத்தார்.

"அண்ணாச்சி, வாட்ச்மேன் வேலை..." என்று பின்னாலேயே போனார் சோணைமுத்து.

"அதை மறந்துரு. கையெழுத்துப் போட ஊர்ல வேற கையா இல்ல?"

பைக் போய்விட்டது. கூட்டமும் கலைந்தது. மாரித்தாய் உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சோணைமுத்து முறிந்த முருங்கைக் கட்டை மேல் உட்கார்ந்தார். நெஞ்சு இரைத்தது.

"எம் பொழப்பே போச்சு, முத்துப்பாண்டி. இந்தப் பாழாப்போன ஸ்பிரிங்கு இன்னைக்குத்தானா அத்துப்போகணும்?"

ஏணியில் ஏறி ஷட்டர் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த முத்துப்பாண்டி குனிந்து பார்த்தான்.

"அத்துப்போச்சா? நேத்து நான்தானேண்ணே கழட்டுனேன். புதுசையும் கையோட மாட்டிருதேன்னுதான் சொன்னேன். மதினிதான், பழசை மட்டும் கழட்டிட்டுப் போ, புதுசை நாளைக்கு ஆபீசரு போன பெறவு, ரெண்டு மணிக்கு வந்து மாட்டிக்கிடலாம்னு கண்டிசனாச் சொல்லிட்டாக."