மொட்டைக் கடுதாசியில் ஒரு கோடு

"இதை எழுதினவன் யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும்" என்று பிளான்ட் மேனேஜர் ராஜேஷ்குமார் ஒரு தாளை மேஜைமேல் நகர்த்தினார். தங்கதுரைக்கு அதை எடுக்கக் கை வரவில்லை. எழுதினவனே அவன்தான்.

"எடுப்பா. நீ குவாலிட்டிக்காரன். பார்ட்டுல ஒரு கீறல் இருந்தா எந்த மெஷின்ல விழுந்ததுன்னு சொல்றவன். இது எந்த பிரிண்டர்ல அடிச்சதுன்னு சொல்லமாட்டியா?"

"சொல்லிடலாம் சார்."

"இது காப்பி, வச்சிக்க. ஒரிஜினல் என்கிட்ட பத்திரமா இருக்கு."

ஓசூர் சிப்காட்டில் அந்தக் கம்பெனியில் தங்கதுரை ஏழு வருடம் கான்ட்ராக்டில் இருந்தவன். போன மாதம்தான் பெர்மனென்ட் ஆனான். அந்தத் தைரியத்தில் செய்த காரியம் இது. மேனேஜரின் மச்சான் நடத்தும் கேன்டீனில், சாம்பாருக்குள் பருப்பைத் தேடித் தேடி அலுத்துப்போய், எம்.டி.க்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டான். அது யாருடைய மச்சான் மேல் புகாரோ அவர் கைக்கே பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. பெர்மனென்ட் என்றாலும் ஆறு மாதம் புரொபேஷன் உண்டு. ஒரு வரி எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

இடத்துக்கு வந்து தாளைப் பார்த்தான். இடப்பக்க ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. கோடு என்றால் அடையாளம். அடையாளம் இருந்தால் எந்த மெஷினும் மாட்டிக்கொள்ளும். இதைப் புது ஆட்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்பவனே அவன்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடி, கடுதாசியை அடித்த பழைய பிரிண்டரில் ஒரு தாளை அடித்துப் பார்த்தான். அன்றைக்குக் கோடு விழுந்ததா என்று அவன் கவனித்திருக்கவில்லை. இப்போது விழுந்தது. ஆனால் வலப்பக்கம். தாளைத் தலைகீழாகத் திருப்பினான். இடப்பக்கம் வந்துவிட்டது! ஸ்கேல் வைத்து அளந்தால் மூன்று மில்லிமீட்டர் உதைத்தது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு லாட்டையே திருப்பி அனுப்புகிறவன், பயத்தில் மூன்று மில்லிமீட்டரை மன்னித்துவிட்டான்.

"என்னங்க, திருதிருன்னு முழிக்கீக?" என்றாள் மனைவி வீரலட்சுமி. கோவில்பட்டிக்காரி.

சொன்னான்.

"நாந்தான் அப்பவே சொன்னேம்லா? டிபன் கட்டித் தாரேன், சாம்பாரோட சண்டைக்குப் போவாதீகன்னு."

"இந்த பிரிண்டர் வீட்ல இருக்கக் கூடாது. நாளைக்கே மாத்திருதேன்."

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் பழசை பைக்கில் கட்டிக்கொண்டு ராயக்கோட்டை ரோட்டில் வெங்கடப்பன் கடைக்குப் போனான். எக்ஸ்சேஞ்சில் புதுசு தருவதாக போர்டு இருந்தது. வெங்கடப்பன் போனில் யாருக்கோ கன்னடத்தில் "ஹேளி, ஹேளி" என்று சொல்லிக்கொண்டே பழசைத் திருப்பிப் பார்த்தார். போனை வைத்துவிட்டுக் கேட்டார்:

"நல்லா வச்சிருக்கீங்களே சார். பேரு? எந்தக் கம்பெனி?"

பழக்கதோஷத்தில் இரண்டையும் சொல்லித் தொலைத்தான். வெங்கடப்பன் இரண்டையும் மார்க்கரால் பழைய பிரிண்டரின் தலையிலேயே பெரிதாக எழுதினார். அழியாத மார்க்கர்.

"அட, உங்க கம்பெனிக்கு நாந்தான் சார் செகண்ட் ஹேண்ட் பிரிண்டர் எல்லாம் குடுக்கறது! ஸ்டோர்ஸுல ஒண்ணு கேட்டிருக்காங்க. இதையே துடைச்சி அனுப்பிடறேன்."

தங்கதுரை பிரிண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "வேணாம்ணே. எக்ஸ்சேஞ்ச் வேணாம். புதுசுக்கு முழு விலை தந்துடறேன். பழசைக் குடுத்துருங்க."

"எதுக்கு சார்?"

"சென்டிமென்ட்."

வெங்கடப்பன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பைக்கில் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து வீரலட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாத்திட்டு வாறேன்னுட்டு ரெண்டா கொண்டாந்திருக்கீக?"

பழசைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிறகு லேப்டாப்பில் உட்கார்ந்தான். பழைய சாஃப்ட்வேரும் சாட்சிதானே. அதை நீக்கப் போனால், போகிறபோது அது ஒரு கேள்வி கேட்டது: 'இந்த பிரிண்டரை ஏன் நீக்குகிறீர்கள்?' கீழே ஐந்து காரணங்கள் கொடுத்திருந்தார்கள். அவனுடைய காரணம் அதில் இல்லை. 'வேறு' என்பதை அழுத்தினான். 'விவரிக்கவும்' என்றது. லேப்டாப்பைப் பட்டென்று மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தான். நல்லவேளை, அது விவரம் கேட்காமலே போய்ச் சேர்ந்திருந்தது.

புதுசு அதற்கும் மேல். போனில் ஒரு ஆப் போடச் சொன்னது. நீ எங்கே இருக்கிறாய், உன் போட்டோக்களைப் பார்க்கலாமா, உனக்கு யார் யாரைத் தெரியும் என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதுபோல் வரிசையாகக் கேட்டது. எதற்கு வம்பு என்று எல்லாவற்றுக்கும் சம்மதித்தான். கடைசியில் 'வாழ்த்துகள்! புது பிரிண்டர் தயார். பகிரவா?' என்றது. வந்த வேகத்தில் அதையும் அழுத்திவிட்டான். அடுத்து ஒரு பட்டியல் வந்தது. அதில் முதலில் இருந்ததைத் தொட்டான். அது கம்பெனியின் குவாலிட்டி வாட்ஸ்அப் குரூப். நாற்பத்திரண்டு பேர். ராஜேஷ்குமார்தான் அட்மின்.

"ஐயையோ, அழிங்க, அழிங்க!" என்று வீரலட்சுமி தோளுக்கு மேல் கத்தினாள்.

அழித்தான். அவசரத்தில் 'எனக்கு மட்டும் அழி' என்பதை அழுத்திவிட்டான். இப்போது அந்தச் செய்தி அவனைத் தவிர நாற்பத்தொரு பேருக்கும் தெரிந்தது. அவனால் மட்டும் அதைத் தொட முடியவில்லை.

கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. "ட்ரீட் எப்போ?" என்று ஆனந்த் கேட்டான். அதற்குக் கீழே ராஜேஷ்குமார்: 'நல்லது. பழசு என்னாச்சு?'

மூன்றே வார்த்தை. தங்கதுரை அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, வீரா."

"சும்மா கேட்டிருப்பாருங்க."

"சும்மா கேக்க அவருக்கு என்ன வேலையில்லையா? நோட்டம் பாக்காரு. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிடிபடுவதற்கு முன்னால் போய் விழுந்துவிட்டால் வேலையாவது மிஞ்சும் என்று தோன்றியது. ஏழு வருடம் கான்ட்ராக்டில் நின்ற பயம் அப்படித்தான் யோசிக்க வைக்கும். பாப்பாவை இந்த வருடம்தான் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள்.

காலையில் போர்வை மூட்டையோடு மேனேஜர் அறைக்குள் நுழைந்தான். மேஜைமேல் வைத்து அவிழ்த்தான். பிரிண்டரின் தலையில் அவன் பெயரும் கம்பெனிப் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தன.

"என்னப்பா இது?"

"பழசு சார். கேட்டீங்களே." கையைக் கூப்பினான். "நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு தெரியும் சார். நாந்தான் எழுதினேன். புத்தி கெட்டுப்போய் எழுதிட்டேன். மன்னிச்சிருங்க சார். வேலைய மட்டும் எடுத்துராதீங்க."

ராஜேஷ்குமார் பிரிண்டரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"நீயா?" என்றார் மெதுவாக. "நான் கேன்டீன் கேஷியரையில்ல சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்."

தங்கதுரை கடுதாசிக் காப்பியை எடுத்து நீட்டினான்.

"இந்தக் கோடு சார். இந்தக் கோட்டை வச்சு எப்படியும் நீங்க என்னைப் பிடிச்சிருப்பீங்க."

டீ கொண்டுவந்த ஆபீஸ் அசிஸ்டென்ட் திம்மராயன், டம்ளரை வைத்துவிட்டு, எட்டித் தாளைப் பார்த்தார்.

"இந்தக் காப்பி நான் எடுத்ததுதான சார்? நம்ம ஜெராக்ஸ் மெஷின்ல எதைப் போட்டாலும் இந்தக் கோடு வுழுது, ஆளை வரச் சொல்லுங்கன்னு ஒரு மாசமா சொல்லிட்டே இருக்கறனே!"