மூணு கிளினிக் அண்ணேயின் ஹாரன்

பினாங்குத் தீவிலேயே தன் உடம்பைப் பாகம் பிரித்துக் கொடுத்திருந்த ஒரே மனுஷன் எங்கள் தொழிற்சாலை வேன் ஓட்டுநர்தான். சர்க்கரைக்கு ஒரு கிளினிக், பிரஷருக்கு ஒன்று, கால் வீங்கும் ‘கவுட்’ வாதத்துக்கு இன்னொன்று. பேரே ‘மூணு கிளினிக் அண்ணே’ ஆகிவிட்டது. சொந்தப் பேர் சத்தியமாக எனக்குத் தெரியாது.

விடியற்காலையில் எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்குக் கீழே அவர் அடிக்கும் ஹாரனில் எட்டாவது மாடிக் குழந்தை வீறிட்டு அழும்.

“அண்ணே, வாட்சாப்ல ஒரு மெசேஜ் போடக் கூடாதா லா?”

“மெசேஜுக்கு நீ எந்திரிப்பியாம்மா?”

தொழிற்சாலை இருக்கும் புக்கிட் தெங்கா போய்ச் சேரும்வரை மருந்துப் புராணம்தான். “ஒருத்தர் தண்ணிய நிறையக் குடிங்கறாரு, இன்னொருத்தர் தண்ணி வெளியேற மாத்திரை குடுக்கறாரு. நான் என்ன குழாயா?”

ஒருநாள் தீவைத் தாண்டும் கடல் பாலத்து மேலேயே தலை சுற்றி, வேனை ஓரம் கட்டினார். எங்களுக்கு உயிர் போய் வந்தது. அவருக்கோ, கம்பெனியில் வேன் சாவியைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயம். தனிக்கட்டை, அந்த வேன்தான் அவருக்குக் குடும்பம்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு புது ஆய்வுக்கு ஆள் எடுத்தார்கள். நோய்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், சாப்பாடு உடம்புக்குள் என்னென்னவாக மாறுகிறது என்று ரத்தத்தில் மொத்தமாகப் பார்த்து, எல்லாவற்றுக்கும் சேர்த்தே மருந்தைத் திருத்துவார்களாம். “வழக்கம்போலச் சாப்பிடுங்க, ராத்திரி மட்டும் பட்டினி” என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்பாரா மனுஷன்? பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி வாரம் முழுக்கப் பாகற்காயும் அவித்த கீரையும். நாசி கண்டார் சோற்றுக் கடையைத் தாண்டும்போது வேன் ஜன்னலை ஏற்றிவிட்டார்!

ரிசல்ட் ஜோராக வந்தது. வண்டி ஓட்டலாம், மருந்தையும் குறைக்கலாம் என்றாராம் டாக்டர். வேனில் ஒரே கைதட்டல். அண்ணே மட்டும் உம்மென்று வந்தார். பாலம் ஏறியதும் சொன்னார்: “அது என் ரத்தம் இல்லம்மா. விரத ரத்தம். அதுக்குத் தக்கபடி மருந்து குடுத்தா இந்த உடம்பு என்னா ஆவும்?”

“வாய மூடிட்டு இருங்கண்ணே. சொன்னா சாவி போயிடும்.”

“போவட்டும் லா. பின்னால இத்தன பேரு உக்காந்திருக்கீங்க.”

அன்றைக்கே போய் உண்மையைச் சொன்னார். சாவியும் போனது. வழக்கமான சோறு, குழம்பு, தே தாரேக் டீயோடு சில நாள் இருந்து, அசல் ரத்தத்தைக் கொடுத்தார். பிரஷர் மாத்திரை கவுட் வாதத்தைக் கிளறிவிடுவதும், இன்னும் என்னென்னவோ சிக்கலும் அப்போதுதான் ஒன்றாகப் பிடிபட்டன. மூன்று கிளினிக்கும் கூடிப் பேசி மருந்தை மாற்றின. அண்ணேயும் விடாப்பிடியாக நடந்தார், குழம்பை விட்டார், மாத்திரையை நேரத்துக்குப் போட்டார்.

இடையில் வந்த ஓட்டுநர் ரொம்ப நாகரிகம். வாட்சாப்பில் பூப்படத்தோடு மெசேஜ் போடுவார். நான் தினமும் தூங்கிப்போய் வேனைத் தவறவிட்டேன்.

போன திங்கட்கிழமை, கீழே அதே பாழாய்ப்போன ஹாரன். எட்டாவது மாடிக் குழந்தை வீறிட்டது. தலைகூடச் சீவாமல் ஓடினேன். இளைத்துப்போய், சாவியும் கையுமாகச் சிரித்தார். “எந்திரிச்சிட்டியாம்மா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “இன்னொரு தடவ அடிங்கண்ணே,” என்றேன்.