இரண்டு சேரிக்கு ஒரு பந்து

"நீ எந்தப் பக்கம்?" என்று முகாம் வாசலில் நின்ற சிப்பாய் ஒருமுறை இலட்சுமிப்பிள்ளையைக் கேட்டான்.

"வடசேரி" என்றாள் அவள்.

அவன் அதை எழுதிக்கொண்டு, சுவரில் தொங்கிய வரைபடத்தில் அப்படியோர் ஊரை நெடுநேரம் தேடினான். சண்டைக்காலத்தில் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அது வைகாசி மாதம். வைகாசியில் அவளுடைய ஊரில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் முதலில் வருவது அதுதான்.

வைகாசி என்றால் கண்ணகி அம்மனுக்குக் கொம்பு முறிக்கிற மாதம். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். சேரிக்கு ஒன்றாக வளைந்த வைரமரக் கொம்பு. இரண்டையும் ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, ஊரே இரு பக்கமும் நின்று இழுக்கும். முறிந்த கொம்பு எவருடையதோ அவர்கள் தோற்றவர்கள். சேரி தகப்பன் வழியாக வருவது. கலியாணம் கட்டி வேறு ஊருக்குப் போனாலும் மாறாது; பிள்ளைகளுக்கும் அதுவேதான். கொம்பு முறியும் வரைக்கும் ஒரு சேரி மறு சேரியோடு சேராது; கதைத்தாலும் வாக்குவாதத்துக்குத்தான்.

இலட்சுமிப்பிள்ளை வடசேரி. புருஷன் சாமித்தம்பி தென்சேரி. வீடு அவளுடைய சீதனம் என்பதால், வைகாசி பிறந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறுவது அவன்தான்.

அவள் முகாமுக்குப் போனது பந்துக்காக. ஊர்ப் பிள்ளைகள் அடுத்த ஊரோடு கால்பந்து விளையாட முகாமில் அனுமதி எடுக்க வேண்டும். ஆண்கள் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதால் அவளை அனுப்பினார்கள். அவள் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அதிகாரி மேசைக்கு மேலால் குனிந்து, காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டு, கடைசியில் களைத்துப்போய்க் கையெழுத்து வைத்தார். சனிக்கிழமை பின்னேரம் ஆட்டம். மறுநாள் கொம்பு.

அவளுக்குப் பந்தில் ஓர் ஆசையும் இல்லை. ஆனால் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோக யார் யாரோ தேடித் திரிந்த காலம் அது. வீட்டுக்கு எதிரே கோயில் மணல்வெளியில் பந்து விளையாடுகிற பிள்ளையை வேலிக்குள் நின்றே பார்த்துக்கொள்ளலாம். மகன் அழகரத்தினம் கண்ணில் படாத பின்னேரங்களில் அவள் வேலிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பாள்.

இடைஞ்சல் பயிற்சியில் தொடங்கியது. கனகசிங்கம் கோல் வாசலில் தனியாக நின்று கையைக் காட்டினான். அழகரத்தினம் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"ஏன் மனே அவனுக்குக் குடுக்கல்ல?"

"அவன் வடசேரி, அம்மா."

"நானும் வடசேரிதானே. நான் அவிச்ச சோத்தைத் தின்னுறாய்."

"சோறு வேற, பந்து வேற" என்றான் அழகரத்தினம்.

"தென்சேரிக்காரன் தாற பந்து எனக்கும் வேணாம் மாமி" என்றான் கனகசிங்கம். "காலில பட்டா நான் கழுவணும்."

இலட்சுமிப்பிள்ளை எல்லாரையும் கூப்பிட்டு மீன் குழம்போடு சோறு போட்டாள். ஒன்றாகத் தின்றால் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். வடசேரி முற்றத்தில் இருந்தது. தென்சேரி குசினிப் பக்கம் இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் முற்றத்திலிருந்து ஒருவன் தென்சேரியை வைது கொம்புப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டான். குசினிப் பக்கம் பதில் சொன்னது. பாட்டுக் கேட்டு அயலட்டைப் பெண்களும் வேலியால் வந்து அவரவர் சேரிக்குப் பின்பாட்டுப் பாடினார்கள். இப்போது பிள்ளைகள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

வேறு வழியில்லாமல் அவள் கந்தப்போடியாரிடம் போனாள். தென்சேரிக் கொம்புக்குத் தலைவர் அவர். எந்தத் தென்சேரியான் எந்த ஊரில் பெண் எடுத்தான், அவனுக்கு எத்தனை பிள்ளை என்று வயலுக்குப் போகிற வழியில் நின்றபடியே சொல்லிவிடுவார். பந்தைக் கண்டால் மட்டும் பிடிக்காது.

"போடியார், சனிக்கிழமை மட்டும் பிள்ளைகளைக் கதைச்சுப் பேசச் சொல்லுங்களன்."

"என்ன புள்ள? சத்தமாச் சொல்லு."

அவள் திரும்பச் சொன்னாள்.

"அம்மனுக்காகப் புடிச்ச பகையை, உன்ட காத்தடிச்ச தோலுக்காக நான் விடச் சொல்லவா? பந்து வந்த நாளிலிருந்து வடம் திரிக்க ஒரு பொடியனும் வாறானில்ல. சரி, கேள். சனிக்கிழமை வெண்டீங்களெண்டா, பந்தைப் பத்தி நான் இனி வாய் திறக்க மாட்டன். தோத்தா, பந்து கோயில் களஞ்சியத்துக்குள்ள போகும். மறுகா வெளியில ஒருத்தரும் உதைக்கப்படாது."

சமாதானம் கேட்கப் போனவள் பந்தயத்தோடு திரும்பி வந்தாள். வடம் திரிப்பது வைகாசியோடு முடிந்துவிடும். ஆனியில் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்?

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டாள். இடப் பக்கம் முழுக்க வடசேரி, வலப் பக்கம் முழுக்கத் தென்சேரி. ஒருவன் மற்றவனுக்குப் பந்து கொடுக்கத் தேவையே இல்லை. பிள்ளைகள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை வெளி நிறைந்துவிட்டது. களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த மத்தியஸ்தர் விசில் ஊதினார். கந்தப்போடியார், தோல்வியை வசதியாக இருந்து பார்க்க வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்திருந்தார்.

பந்து நேராக நடுவால் உருண்டு வந்தது. கனகசிங்கம் பார்த்தான். அழகரத்தினம் பார்த்தான்.

"உங்கட பக்கம்."

"இல்ல, உங்கட பக்கம்."

அடுத்த ஊர்ப் பிள்ளை ஒருவன் மரியாதையாக இரண்டு பேருக்கும் நடுவால் வந்து பந்தை எடுத்துப்போய்க் கோல் அடித்தான்.

இடைவேளையில் இலட்சுமிப்பிள்ளை தேசிக்காய் பிழிந்த தண்ணி கொடுத்தாள். பிள்ளைகள் இரண்டு கூட்டமாக இருந்தார்கள். நடுவில் நின்று அவள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. இரண்டு கூட்டமும் கிட்ட வந்து குனிய வேண்டியிருந்தது.

"நீங்க சேர வேணாம், மனே. எந்தச் சேரி கூடுதலாக் கோல் அடிக்குதெண்டு மட்டும் பாப்பம். நாளைக்குக் கொம்பு கட்டக்குள்ள அம்மனுக்கு அதையும் சொல்லுவம்."

மத்தியஸ்தர் விசில் ஊத முன்னமே பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் ஓடிய ஓட்டம் பார்க்க வேண்டியது. செருப்பில்லாத கால்கள், கொதிக்கிற மணல். விழுந்தவன் எழும்பும்போதே ஓடினான். கனகசிங்கம் மூன்று பேரைச் சுழித்துக்கொண்டு போய் அடித்த அடியில், அதுவரை பறந்து பறந்து கோல் காத்த அடுத்த ஊர்க் கோலிக்கு அசையவே நேரமில்லை. வடசேரிப் பெண்கள் குரவையிட்டார்கள். காவலரணில் நின்ற சிப்பாய்கூடக் கையைத் தட்டிவிட்டு, யாராவது கண்டார்களோ என்று திரும்பிப் பார்த்தான்.

"போடியார், வடசேரி ஒண்டு. தென்சேரி ஒண்டுமில்ல" என்று யாரோ கூவிச் சொன்னார்கள்.

கந்தப்போடியார் எழும்பினார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்துபோய், அடுத்த ஊர்க் கோலுக்குப் பின்னால் போட்டு இருந்தார்.

"ஏன் போடியார் அங்க?"

"கிட்ட இருந்தாத்தான் தோக்கிறது வடிவாத் தெரியும்."

வெயில் சாய்ந்து, மத்தியஸ்தர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம், வலப் பக்கத்தால் அழகரத்தினம் வந்தான். காலில் பெலனில்லை. பந்து, நெல் தின்ற கோழி போல அசைந்து அசைந்து போனது. கோலி கையை நீட்டினான். நீட்டிய கைக்குப் பக்கத்தால் பந்து உள்ளே போய் நின்றது.

வெளி அதிர்ந்தது. மகனை ஊர் தூக்கிக்கொண்டு ஓடியது. இனி ஆனியிலும் ஆடியிலும் வேலிக்குள் நின்று அவனைப் பார்க்கலாம். இலட்சுமிப்பிள்ளை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பத்தடியில் தனியாக இருந்த அடுத்த ஊர்க் கோலியிடம் தேசிக்காய்த் தண்ணி கொண்டுபோனாள். பின்னால் கந்தப்போடியார் நாற்காலியில் அப்படியே இருந்தார்.

"மனம் நோகாத மனே. கை தவறுறது எல்லாருக்கும் உள்ளதுதான்."

பொடியன் தண்ணியை ஒரே மூச்சில் குடித்தான்.

"தவறல்ல மாமி. எங்கட அப்பா இந்த ஊரிலிருந்து எங்கட ஊருக்குக் கலியாணம் கட்டி வந்த ஆள். 'டேய், நீயும் தென்சேரி, வாறது தென்சேரிப் பந்து, விடடா' எண்டு பின்னால இருந்து போடியார்தான் சொன்னார்."

இலட்சுமிப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். கந்தப்போடியார் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பந்தைப் பற்றி வாய் திறக்காமல் வீட்டுக்கு நடந்தார்.