கண்ணை மூடிய அட்டவணைக்காரி

நகரப் பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் ஊழியர்கள் தூங்குகிறார்கள் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். அதைப் படித்த பொது மேலாளர், மதியத் தூக்கம் கலைந்த கோபத்தில், உடனடி நடவடிக்கை எடுத்தார். மேசைக்கு ஒன்றாகக் கண் அளக்கும் பெட்டி வந்து இறங்கியது. இமை எத்தனை தரம் மூடுகிறது, கண்மணி எவ்வளவு விரிகிறது என்று பார்த்து, தூக்கம் இவ்வளவு, மூளை உழைப்பு இவ்வளவு என்று அது நூற்றுக்கு மதிப்பெண் போடும். பெட்டிகளை மேய்க்க விழிப்பு அலுவலர் என்று ஒருவரும் வந்து சேர்ந்தார்.

முதல் வாரமே நூற்றுக்கு நூறு வாங்கியவர் தபால் பிரிவு அண்ணன். அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார், பிறவி வரம். கனவு கொஞ்சம் விறுவிறுப்பாக இருந்ததால் கண்மணியும் விரிந்துவிட்டது.

பூஜ்யம் வாங்கியவள் அட்டவணை அக்கா. எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று பதினெட்டு வருடமாக நேரம் போடுகிறவள். கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் எல்லா பஸ்ஸையும் ஓட்டிப் பார்ப்பாள். ஆஸ்பத்திரி வளைவில் இரண்டு முட்டிக்கொண்டால் ஒன்றை மூன்று நிமிடம் தள்ளி வைப்பாள். அப்புறம்தான் கண்ணைத் திறந்து எழுதுவாள்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமாம்மா?" என்று விழிப்பு அலுவலர் இரண்டாவது குறிப்பாணையை நீட்டினார்.

"நான் தூங்கலை சார். யோசிச்சேன்."

"யோசிச்சா கண்மணி விரியணும். விரிஞ்சுதா?"

"கண்ணு மூடியிருந்தா எப்படி சார் தெரியும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சாட்சி இல்லாம யோசிச்சா அதை யோசனைன்னு எப்படிம்மா ஏத்துக்கறது?"

மூன்றாவது குறிப்பாணை வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டிலோ, மில் மூடி ஒரு வருடமாகக் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் கணவர், படிக்கிற பிள்ளைகள் இரண்டு. நாலு வயிறும் அவள் சம்பளத்தை நம்பித்தான். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மதிப்பெண் இன்னும் குறையுமே என்று அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் முதல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, முழித்தபடியே அட்டவணை போட்டாள். மதிப்பெண் தொண்ணூற்றாறு! பாராட்டுச் சான்றிதழ் வந்தது. பஸ்தான் வரவில்லை. ஒன்பது மணிக்கு ஒன்றும் கிடையாது. பத்தேகாலுக்கு ஏழு பஸ் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. ஜனங்கள் அலுவலக வாசலுக்கே வந்து காறித் துப்பினார்கள்.

பொது மேலாளர் ஆழ்ந்து ஆலோசித்து, பஸ் நிறுத்தங்களிலும் பெட்டி வைக்கச் சொன்னார். என்ன ஆச்சரியம்! தெருமுனையையே வெறித்துக்கொண்டிருந்த ஜனங்களின் கண்மணி அகல விரிந்திருந்தது. தூக்கம் துளியும் இல்லை. 'கழகத்தின் சீரிய முயற்சியால் பயணிகளின் விழிப்பு வரலாறு காணாத உயர்வு' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. அதிக மதிப்பெண் எடுக்கும் நிறுத்தத்துக்குக் கூரை போட்டுத் தரப்படும் என்றும் அறிவித்தார்கள். துப்ப வந்த கூட்டம் எச்சிலை விழுங்கிவிட்டு, வரிசையில் நின்று முழிக்க ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் அக்காவும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. போனில் மகள் கேட்டாள்: "அம்மா, பஸ் எப்பம்மா வரும்?"

நேரம் போட்டவளுக்கே தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பழைய பழக்கத்தில் கண்ணை மூடினாள். மனசுக்குள் பஸ்கள் கிளம்பின. ஆஸ்பத்திரி வளைவில் ஏழும் சிக்கிக்கொண்டு நிற்பது தெளிவாகத் தெரிந்தது. அடடா, இவ்வளவுதானா! முதல் பஸ்ஸை மூன்று நிமிடம் தள்ளினால்...

கம்பத்துப் பெட்டி கீச்சென்று கத்தியது.

"ஏம்மா, கண்ணைத் தொறம்மா!" கூட்டமே அவள் மேல் பாய்ந்தது. "உன் ஒருத்தியால கூரை போயிடும் போலிருக்கே!"

"பஸ் நேரத்துக்கு வரத்தாங்க யோசிக்கிறேன்..."

"பஸ் கிடக்குது, முதல்ல முழி!"

அக்கா முழித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஏழு பஸ்ஸும் வரிசையாக வந்தன. மதிப்பெண் ஏறுகிறதா என்று எல்லாரும் கண் கொட்டாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் கை காட்டவில்லை. ஏழும் நிற்காமல் போய்விட்டன.

நிறுத்தத்துக்கு அன்று நூற்றுக்கு நூறு.