ஒளிச்சுவர்த் தெருவுக்கு முதல் பரிசு

உலகத்து நகரங்கள் எல்லாம் விளக்கேற்றி முன்னேறியவை. விளக்கை அணைத்து முன்னேறிய முதல் நகரம் எங்களுடையது. இந்தப் பெருமையில் பெரும்பங்கு மாநகராட்சி ஆணையருக்கும் அவர் அழைத்துவந்த கலை ஆலோசகருக்கும் உரியது. ஏணி வைத்து ஏறியவர் என்ற முறையில் தெருவிளக்குப் பிரிவு வயர்மேனுக்கும் அதில் ஒரு சிறுபங்கு உண்டு. மனிதர் அதை வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தார்.

வயர்மேனின் வீடு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இருந்தது. தெருவுக்கு ஒரு பக்கம்தான் வீடுகள். எதிர்ப்பக்கம் முழுக்க அந்த அலுவலகத்தின் நான்கு மாடிப் பின்சுவர். ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் பதிந்துகொள்வதோடு அந்த அலுவலகத்தின் கடமை முடிந்துவிடுவதால், நடுவில் நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது முதுகைக் காட்டி நின்றது.

தெருவில் விளக்குகள் ஒன்பது. அவற்றில் ஆறு எரியாது. எரியாத விவரத்தை வயர்மேன் நான்கு ஆண்டுகளாக மாதம் தவறாமல் எழுதிக் கொடுத்தார். கேட்புப் படிவம் வந்தால் பல்பு தருவோம் என்றது கிடங்கு. பல்பு இருப்பில் இருப்பதாகக் கிடங்கு எழுதிக் கொடுத்தால் படிவம் தருவோம் என்றது அலுவலகம். இரண்டு தரப்புமே விதியை மீறாமல் நடந்துகொண்டன என்பதை வயர்மேனே ஒப்புக்கொள்வார். ஊருக்கெல்லாம் விளக்குப் போடுகிறவர் வீட்டு வாசல் இருட்டா என்று அவர் மனைவி கேட்காத நாள் இல்லை.

அவள் கேட்பதற்குக் காரணம் இருந்தது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. ஷிப்ட் முடிந்து வீடு வந்துசேர எட்டு மணி ஆகிவிடும். போன வருடம் அப்படி வரும்போது, சுவரோரம் சாக்கடை மூடி உடைந்திருந்த இடத்தில் கால் உள்ளே போய்க் கணுக்கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் கட்டு. இப்போதும் இடது காலை ஒரு தயக்கத்தோடுதான் ஊன்றுவாள். உடைந்த மூடி அப்படியே இருந்தது. அது வேறு பிரிவு. தினமும் எட்டு மணிக்குத் தெருமுனையில் அவள் தலை தெரியும்வரை வயர்மேனுக்கு இருப்புக்கொள்ளாது.

இந்த நிலையில்தான் ‘மக்கள் ஒளிச்சுவர்’ பிறந்தது. திட்டம் எளிமையானது. தெருமுனையில் ஒரு கட்டம் கட்டமான சித்திரக்குறி ஒட்டியிருக்கும். அதைப் போனில் படம் பிடித்தால் ஒரு வெள்ளைப் பக்கம் திறக்கும். குடிமக்கள் அதில் விரலால் எதை வேண்டுமானாலும் வரைந்து, வண்ணம் நிரப்பி அனுப்பலாம். மூன்று பேர் கொண்ட ஒப்புதல் குழு அதைப் பரிசீலித்து அனுமதித்தால், அந்தப் படம் புரொஜெக்டர் வழியாகப் பதிவு அலுவலகச் சுவரில் ஒரு சதுரமாக விழும். நூறு பேர் அனுப்பினால் நூறு சதுரம். ஒவ்வொன்றும் கால் மணி நேரம் நிற்கும். மாலை ஆறரை முதல் ஒன்பதுவரை, பொதுமக்களும் பொதுக் கட்டடமும் இப்படி ‘உரையாடும்’. பகலில் அந்தக் கட்டடத்தோடு உரையாடப் போனவர்களுக்கு நாளைக்கு வா என்றுதான் பதில் கிடைத்திருக்கிறது என்பதால், ஏற்பாடு எல்லாருக்கும் பிடித்திருந்தது.

சுவரைப் பார்வையிட ஆணையரும் ஆலோசகரும் ஒரு மாலையில் வந்தார்கள். ஆலோசகர் மெல்லப் பேசுகிறவர். சுவரைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து கம்பங்களைப் பார்த்தார்.

“ஆறு விளக்கு எரியாம இருக்கே. இது யாரோட பொறுப்பு?”

வயர்மேன் ஓரடி முன்னால் வந்தார். “என்னோடதுதான் சார். நாலு வருஷமா எழுதிக் கொடுத்துக்கிட்டே இருக்கேன்.”

“நாலு வருஷமா இருட்டைக் காப்பாத்தி வச்சிருக்கீங்க,” என்றார் ஆலோசகர், உண்மையிலேயே நெகிழ்ந்துபோய். வேலையில் சேர்ந்து பத்தொன்பது வருடத்தில் வயர்மேனுக்கு முதல் பாராட்டுக் கடிதம் அன்றுதான் கிடைத்தது.

மிச்சம் எரிந்துகொண்டிருந்த மூன்று விளக்குகள் ஓவியத்துக்கு இடைஞ்சல் என்று தெரியவந்தது. பல்பு மாட்டுவதற்கு நான்கு ஆண்டுகளில் வராத உத்தரவு, கழற்றுவதற்கு மறுநாள் மதியத்துக்குள் வந்துவிட்டது. ஆணையரின் டிரைவரே கையில் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றையும் எடுத்துவிட்டால் தெருவில் ஒன்றும் தெரியாதே என்று வயர்மேன் இழுத்தார். சுவர் தெரியும் என்று ஆணையர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மேலே பேசினால் கொடுத்த பாராட்டுக் கடிதத்தைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். கழற்றும்போது மனைவியின் முகத்தை நினைக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

தொடக்க நாளில் முதல் சதுரம் ஆணையருடையது. சமாதானப் புறா வரைந்திருந்தார். அது சுவரில் செருப்பு மாதிரி விழுந்ததால், விளம்பரங்களுக்கு அனுமதியில்லை என்ற விதியின்படி ஒப்புதல் குழு அதை நிறுத்திவைத்து, வரைந்தவர் யார் என்று தெரிந்த பிறகு பெரிதாக்கிக் காட்டியது. மற்றவர்கள் பூ, மீன், வீடு, கண்ணாடி போட்ட சூரியன் என்று சதுரம் முழுக்க அடர்ந்த வண்ணம் அப்பி அனுப்பினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எட்டு மணிக்கு வயர்மேனின் மனைவி கைப்பையை மார்போடு அணைத்தபடி, வீட்டுச் சுவர்களைத் தடவிக்கொண்டே வந்துசேர்ந்தாள்.

“கலை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க காலை வைக்கிறதுன்னுதான் தெரியல,” என்றாள். கழற்றிய பல்புகள் மூன்றும் அவர் சைக்கிள் பையில்தான் இருந்தன.

மூன்றாம் நாள்தான் திருப்பம். ஒரு சதுரம் விழுந்தால் கொஞ்சமாவது வெளிச்சம் கிடைக்குமே என்று தெருமுனையில் நின்று போனை எடுத்த வயர்மேனின் மனைவிக்குப் படபடப்பில் என்ன வரைவதென்று தோன்றவில்லை. வரையாமலே அனுப்பிவிட்டாள். குழுவும் கவனிக்காமல் அனுமதித்துவிட்டது. சுவரின் அடிவரிசையில் ஒரு வெள்ளைச் சதுரம் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் உடைந்த மூடி பளிச்சென்று தெரிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் அந்த இடத்தை நிமிர்ந்து நடந்து தாண்டினாள்.

இரவே அடுத்த வீட்டு அண்ணியிடம் சொன்னாள். அண்ணி சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னாள். அவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு சதுரம் போதாது, சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தால்தான் தெரு கடைசிவரை தெரியும், அதற்கு எல்லாரும் சேர்ந்தாக வேண்டும் என்பது இரண்டே நாளில் புரிந்துபோனது. கால் மணிக்கு ஒரு முறை யார் யார் அனுப்புவது என்று அண்ணி வீட்டுப் படியில் உட்கார்ந்து முறைப்பட்டியல் போட்டார்கள். ஏழே முக்காலிலிருந்து எட்டேகால்வரை வயர்மேனின் பங்கு. அரசு ஊழியர் இப்படிச் செய்யலாமா என்று அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மனைவியின் கணுக்காலை யோசித்தார். தண்ணீர்க் குழாய்க்குக்கூட ஒன்றுசேராத தெரு, கலைக்காக ஒன்றுசேர்ந்ததை நினைக்க நினைக்க இன்றும் மெய்சிலிர்க்கிறது.

ஒரே ஒரு வாத்தியார் மட்டும் நட்சத்திரங்கள் நிறைந்த நள்ளிரவு வானத்தை அருமையாக வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தார். நான்கு பேர் அவர் வீட்டுக்குப் போய், “சார், தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் பகல்ல வரையுங்களேன்,” என்று கேட்டுக்கொண்டார்கள். நல்ல மனிதர். அன்று முதல் நட்சத்திரத்தை விட்டுவிட்டு வெறும் நிலாவை மட்டும் சதுரம் முழுக்க வரைந்து அனுப்பினார்.

வாரக் கடைசியில் சுவர் அடி முதல் நுனிவரை வெள்ளையாக நின்றது. தெருவில் ஊசி விழுந்தாலும் எடுக்கலாம். ஒப்புதல் குழு கலங்கியது. ஆபாசம், அவதூறு, விளம்பரம் என்று நிராகரிக்கக் காரணங்கள் பட்டியலில் இருந்தன. ஒன்றுமே இல்லாதது அந்தப் பட்டியலில் இல்லை. ஆலோசகரை வரவழைத்தார்கள். அவர் வந்து, சுவருக்கு முன்னால் இருபது நிமிடம் அசையாமல் நின்றார்.

“முப்பது வருஷமா உலகம் பூரா சுத்தியிருக்கேன். ஒரு தெருவே சேர்ந்து கோடு போடுறதையே துறந்ததை எங்கயும் பார்த்ததில்ல,” என்றார்.

மக்களின் இந்த எழுச்சிக்குக் காரணம் என்ன என்று அறிக்கை தரும்படி, தெருவாசியும் ஊழியருமான வயர்மேனுக்கு ஆணை வந்தது. இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று அவருக்குப் பட்டது. உள்ளதைச் சொன்னால் விளக்கு வந்துவிடும் என்ற ஆசையும் இருந்தது. இரவெல்லாம் எழுதி எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் ஒரே வரி எழுதினார்: ‘இந்தத் தெரு மக்கள் இருட்டில் இருக்கிறார்கள், வெளிச்சம் கேட்கிறார்கள்.’

அந்த வரியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, தெருவுக்கு மாநகராட்சியின் முதல் பரிசு வழங்கும் விழா மேடைக்குப் பின்னால் கட்டினார்கள். கீழே, ‘ஒரு தொழிலாளியின் கவிதை’ என்று போட்டிருந்தது. வயர்மேன் பேனரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விழா அந்தத் தெருவிலேயே நடந்தது. முதல் வெள்ளைச் சதுரத்தை அனுப்பியவர் என்று கணினி காட்டிக்கொடுத்ததால் வயர்மேனின் மனைவியை மேடைக்கு அழைத்தார்கள். ஆலோசகர் அவள் பக்கம் மைக்கை நீட்டி, இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கீழே நின்ற வயர்மேன், இவளாவது புரியும்படி சொல்லிவிடுவாள் என்று நினைத்தார். அவள் வளைத்துப் பேசத் தெரியாதவள்.

“ஐயா, அது படமே இல்ல. சுவரோரம் சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. இருட்டுல விழுந்து எனக்குக் கால் ஒடிஞ்சுது. நாங்க வெளிச்சத்துக்காகத்தான் வெறுமனே அனுப்பினோம். ஒரு நாலு விளக்குப் போட்டு, அந்த மூடியையும் மாத்திக் கொடுத்தா இதெல்லாம் அனுப்ப மாட்டோம்.”

வயர்மேன் ஆலோசகரின் வாயையே பார்த்தார்.

“காயத்திலிருந்து பிறந்த கலை,” என்றார் ஆலோசகர் மெல்ல. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. உடைந்த மூடியைச் சுற்றிக் கயிறு கட்டி, படைப்பின் ஊற்றுக்கண் என்று பலகை வைத்துப் பாதுகாக்க மேடையிலேயே முடிவானது. ஆணையர் அவளுக்குச் சால்வை போர்த்தினார். “உங்கள மாதிரி கலைஞர்கள் இன்னும் நூறு பேர் வரணும்மா,” என்றார். அவள் வயர்மேனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். சுவரின் வெள்ளை வெளிச்சத்தில் தரை நன்றாகவே தெரிந்தது.

நான்கு நாள் கழித்துப் புதிய உத்தரவு வந்தது. வயர்மேன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம் படித்துக் காட்டினார். ஒளிச்சுவர் நகரம் முழுவதற்கும் விரிவாகிறது. நாற்பத்திரண்டு தெருக்களில் விளக்குகளை உடனே கழற்ற வேண்டும். புரொஜெக்டர் ஒன்றுதான் இருப்பதால் தெருவுக்கு ஒரு வாரம் என்று அது முறைவைத்துச் சுற்றிவரும்.

“அப்ப நம்ம தெருவுக்கு?” என்று அவள் கேட்டாள்.

“நமக்கு முடிஞ்சுபோச்சு. நாளைக்கு எடுத்துட்டுப் போறாங்க. மறுபடி வர பத்து மாசம் ஆகும்.”

“நம்ம மூணு விளக்கு?”

அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலில் பட்டையை இறுக்கிச் சுற்றினாள். வயர்மேன் உத்தரவோடு வந்த தெருப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார், பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

“ஊர்ல ஒரே ஒரு தெருவை மட்டும் விட்டிருக்காங்க. அங்க கலை ரசனை இன்னும் பக்குவப்படலையாம். பக்குவப்படுற வரைக்கும் இருக்கிற இருபது விளக்கோட, மத்த தெருவுல கழட்டுறதுல நல்லதாப் பார்த்து இன்னொரு இருபது மாட்டச் சொல்லியிருக்கு.”

“பாவம். யாரு இருக்காங்க அந்தத் தெருவுல?”

“ஆணையர்,” என்றார் வயர்மேன், ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டே.